பரம்பரைப் பெயர் இல்லாதவர்க்கும் பரம்பரை உண்டு

பழைய பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடுகளைக் காத்துவரும் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,



பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்களின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் தங்கள் பொறுப்பில் இருக்கின்றன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பெரியவர்கள் இன்னும் ‘எத்தா சிவில்’ என்று சொல்கிற ஏடுகள் அவை. அவற்றை யாருக்குக் காட்டலாம், எந்தப் பெயரை வைத்துத் தேடலாம், எதற்கு நகல் தரலாம் என்பதெல்லாம் நடைமுறையில் தங்கள் அலுவலகம் வகுப்பதுதான். புதிய சட்டம் எதுவும் இல்லாமலே, தங்கள் கையொப்பத்தோடு வெளிவரும் ஓர் ஆணையால் எத்தனையோ குடும்பங்களின் தேடல் எளிதாகிவிடும். ஆகவே இந்த மடலைத் தங்களுக்கே எழுதுகிறோம். பொதுமக்களும் படிக்கட்டும் என்று அச்சிலும் தருகிறோம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறோம். முன்னோரைத் தேடி வருகிறவரிடம் அலுவலகத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘குடும்பப் பெயர் என்ன?’ என்பது. அடுத்தது, ‘எந்த ஆண்டு?’ என்பது. இரண்டுக்கும் விடை வைத்திருப்பவர் நகலோடு திரும்புகிறார். விடை இல்லாதவர் மாதக்கணக்கில் அலைகிறார், அல்லது வாசலில் நிற்கும் தரகரிடம் போகிறார். தாத்தாவின் பெயரும், அவருடைய அப்பா நெட்டப்பாக்கத்துப் பக்கம் பயிர்செய்தவர் என்ற ஒரு நினைவும் மட்டுமே கையில் உள்ளவருக்கு இந்த ஏடுகள் மூடியே கிடக்கின்றன. அப்படிப்பட்டவர்கள்தாம் பெரும்பான்மையினர். ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் பிள்ளைக்குத் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கும். பேரனுக்கு வரும்போது அந்த எழுத்தும் மாறிவிடும். நான்கு தலைமுறையில் நான்கு வேறு பெயர்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் உள்ள வீடுகளில் மட்டும் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். அதுவும் யார் எவர் என்ற குழப்பத்தைக் கூட்டவே செய்யும்.

பிரெஞ்சு முறை இதற்கு நேர்மாறானது. 1794ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் புரட்சி அரசு ஒரு சட்டம் செய்தது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் சூட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். தகப்பனின் குடும்பப் பெயர் பிள்ளைகளுக்கு இறங்கும். எழுத்தர் எழுதிய எழுத்துக்கூட்டலே நிலைக்கும். அதில் ஓர் எழுத்தைத் திருத்தவும் உரிய ஆணை வேண்டும். இந்த மனநிலையோடு உருவான ஏடுகளில், குடும்பப் பெயரே இல்லாத மக்களின் பிறப்பும் இறப்பும் எழுதப்பட்டன. பதிவேட்டின் அட்டவணையும் குடும்பப் பெயரை நம்பியே போடப்பட்டது. ஆண்டுக்கு ஒன்று, பத்தாண்டுக்கு ஒன்று என அகர வரிசையில் பெயர்ப் பட்டியல் இடுவது பிரெஞ்சு வழக்கம். ஐரோப்பியருக்கு அந்தப் பட்டியல் குடும்பத்தையே ஒரே இடத்தில் கூட்டிக் காட்டும். தமிழருக்கோ அண்ணன் ஓரிடத்தில், தம்பி ஓரிடத்தில், அப்பா இன்னோரிடத்தில். அன்று வகுத்த தேடல் முறையே இன்றும் தொடர்கிறது என்பதுதான் எங்கள் குறை. தங்கள் அலுவலர்கள் யாரையும் நாங்கள் குறைசொல்லவில்லை. கையில் உள்ள அட்டவணையை வைத்து அவர்கள் வேறு என்ன செய்ய முடியும்?

இத்தனைக்கும், ஏட்டின் உள்ளே இருப்பது வளமான செய்தி. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் 1819இல் நடைமுறைக்கு வந்தபோது, இந்தியர்கள் தங்கள் வழக்கப்படியே திருமணம், வாரிசுரிமை முதலியவற்றை நடத்திக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. பின்னர் 1880ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாளைய ஆணை இந்தியரின் குடிமைப் பதிவையும் பிரெஞ்சு விதிகளின் கீழ் ஒழுங்குபடுத்தியது. பிரெஞ்சு விதிப்படி எழுதிய பிறப்புப் பதிவு, குழந்தையின் பெயரோடு நிற்பதில்லை. பிறந்த நேரம், இடம், தகப்பன், தாய், அவர்கள் தொழில், வசிக்கும் ஊர், சாட்சிகள் என்று போகும். திருமணப் பதிவில் மணமக்களின் வயது, பிறந்த ஊர், இரு பக்கத்துப் பெற்றோர் பெயர்கள் வரும். சாட்சிகளாக வந்தவர்கள் பெரும்பாலும் மாமனும் சித்தப்பனும் பக்கத்து வீட்டுக்காரரும்தான். ஒரு குடும்பத்தின் உறவு வட்டமே அந்த ஒரு பக்கத்தில் அடங்கிக் கிடக்கிறது.

இறப்புப் பதிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறந்தவரின் பெற்றோர் பெயர்களை, தெரிந்தவரை, அதில் குறிக்க வேண்டும் என்பது விதி. 1890இல் எழுபது வயதில் இறந்த ஒரு பாட்டியின் பதிவு, 1820க்கு முன்பே வாழ்ந்த இரண்டு பேரின் பெயரைத் தந்துவிடக்கூடும். அவர்கள் பிறந்தபோது அவர்களைப் பதிய ஏடே இருந்திருக்காது. பிறப்புப் பதிவு இல்லாத காலத்துக்கு ஏறிப்போக இது ஓர் ஏணி. வம்சத்தைத் தேடுபவர்கள் பிறப்புச் சான்றுக்கு மட்டும் மனுச்செய்துவிட்டு, ‘பதிவு இல்லை’ என்ற பதிலோடு திரும்பிப்போவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. ‘இறப்பு ஏட்டைப் பாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இருந்தால் போதும்.

பெண்களுக்கு இந்த ஏடுகள் செய்திருக்கும் நன்மையையும் தாங்கள் அறிவீர்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. கணவன் பெயரை வழக்கில் அழைத்துக்கொள்ளலாமே தவிர, பதிவேட்டில் அவள் பிறந்த பெயரோடுதான் கடைசிவரை இருப்பாள். நம் வீடுகளில் கொள்ளுப்பாட்டியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘அம்மாயி’, ‘அப்பாயி’, ‘பெரியாத்தா’ என்று உறவுமுறையால் அழைத்து அழைத்து, பெயர் ஊராருக்கும் மறந்துபோயிருக்கும். அந்தப் பெயர் ஏட்டில் இருக்கிறது. அவளுடைய தாயின் பெயரும் இருக்கிறது. ஆனால் அட்டவணையில் தாயின் பெயருக்கு இடமே இல்லை. தாய்வழியில் தேட முடியாதபடி நாமே அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறோம்.

எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான். பழைய பதிவேடுகளுக்குப் புதிய அட்டவணை போடுங்கள். அதில் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், சாட்சிகளின் பெயர் ஆகிய ஐந்தும் தனித்தனியே தேடக்கூடியதாக இருக்கட்டும். குடும்பப் பெயர் இருந்தால் அதுவும் சேரட்டும். இல்லாதவர்களுக்கு அந்த இடம் வெறுமையாக இருப்பதில் தவறே இல்லை. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று எண்ணி அந்த இடத்தில் நிரப்பிவிடும் பழக்கம்தான் பல மரங்களை வேரோடு பிடுங்கியிருக்கிறது.

எழுத்துக்கூட்டலையும் இந்தச் சந்தர்ப்பத்தில் கவனிக்க வேண்டுகிறோம். பிரெஞ்சு எழுத்தர் உகரத்துக்கு ‘ஓ’, ‘யூ’ என்ற இரண்டு எழுத்துகளைப் போடுவார். உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் வேறு ஒலியாகிவிடும் என்று இரட்டை ‘எஸ்’ போடுவார். ராமசாமி, முத்துசாமி, சின்னசாமி என்ற பெயர்கள் இரட்டை ‘எஸ்’ஸோடு நிற்பதன் காரணம் இதுவே. இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் கணினியில் தட்டினால் இவை கிடைக்கா. எல்லாப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒருமுறை எழுதி அட்டவணையில் சேர்த்துவிட்டால், பிரெஞ்சு வழியில் வந்தாலும் ஆங்கில வழியில் வந்தாலும் ஒரே முருகேசனிடம் போய்ச் சேரலாம்.

அடுத்தது 1881இல் தொடங்கிய பெயர்மாற்றம். அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வந்த ஆணை, பிரெஞ்சு இந்தியாவில் விரும்பியவர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர வழிசெய்தது. அப்படி வந்தவர்களே ‘ரெனோன்சான்’கள். துறப்பவர் தமக்கும் தம் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து அந்தப் பத்திரத்திலேயே எழுதித் தர வேண்டும். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. மனைவியும் மைனர் பிள்ளைகளும் அவரோடு சேர்ந்தே போவார்கள். கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெருமளவில் இதை ஏற்றார்கள். காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று வெளியேற்றப்பட்டு, பாரிசின் உயர்நீதி அமைப்புவரை வழக்கைக் கொண்டுபோய் வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றார். அவர் தேர்ந்துகொண்ட பெயர் லபோர்த். அதன்பின் புதுச்சேரித் தெருக்களில் பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு தமிழ்க் குடும்பங்கள் பெருகின. அவர்களில் பலர் சைகோனுக்கு அரசு வேலைக்குப் போனார்கள். சிலர் ‘சொல்தா’வாகப் படையில் சேர்ந்தார்கள். பிள்ளை பிறந்தது சைகோனில், திருமணம் காரைக்காலில், இறப்பு பாரிசுப் புறநகரில் என்று ஒரே குடும்பத்தின் பதிவுகள் மூன்று நாட்டில் கிடக்கின்றன.

ரெனோன்சான் குடும்பங்களுக்கு 1881 ஒரு சுவர்போல நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுப் பெயரைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னால் நடக்கலாம். அந்தப் பக்கம் வேறு பெயர். பலருக்கு அது என்னவென்றே தெரியாது. வயதுவந்த அண்ணனும் தம்பியும் தனித்தனியே துறந்திருந்தால் தனித்தனிப் பெயரை எடுத்திருக்கலாம். அப்போது ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் உறவென்று அறியாமலே வாழ்கிறார்கள். இந்தச் சுவரில் கதவு எங்கே இருக்கிறது என்றால், துறப்புப் பத்திரத்தில். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே தாளில் சேர்ந்து நிற்கும் இடம் அது. பெயர் மாறிய செய்தி அன்றைய அரசிதழிலும் அச்சானது. ஆகவே இது என்றைக்கும் இரகசிய ஆவணமாக இருந்ததில்லை. ஊரறியச் செய்யப்பட்ட செயல் அது.

தங்களிடம் நாங்கள் இரண்டாவதாக வேண்டுவது, துறப்புப் பத்திரங்களைப் பிறப்புப் பதிவேட்டோடு இணைக்கும் ஓர் இருவழிப் பட்டியல். பழைய பெயரிலிருந்து புதிய பெயருக்கும், புதிய பெயரிலிருந்து பழைய பெயருக்கும் போகலாம். அரசிதழ்த் தொகுதிகளும் பத்திரங்களும் ஒருசேரப் பார்க்கக் கிடைத்தால் ஒரு சிறு குழு செய்யக்கூடிய வேலை இது.

இங்கே தயக்கம் ஒன்று எழும். அதைத் தாங்கள் சொல்வதற்கு முன் நாங்களே சொல்கிறோம். ரெனோன்சான்களில் பலர் பெயரைத் துறந்ததே சாதியின் பிடியிலிருந்து வெளியேறத்தான். பழைய பெயரோடு ‘நாயக்கர்’, ‘பிள்ளை’ என்றோ, இழிவாக நடத்தப்பட்ட ஒரு சாதியின் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும். மூதாதையர் உதறிப்போட்டதைக் கணினித் திரையில் உலகறியப் போடலாமா? இது நியாயமான கேள்வி. நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறோம். இணையத்தில் வைக்கும் அட்டவணையில் சாதிக்கு இடம் வேண்டாம். பெயர், பெற்றோர், ஊர், நாள் மட்டும் போதும். முழுப் பக்கத்தின் நகல், கேட்டு வருபவர் அந்த வழியில் வந்தவர் என்றாலோ, ஆய்வாளர் என்றாலோ தரப்படட்டும். சாதியைத் தேடுகிறவனுக்கு இந்த ஏடுகள் உதவக்கூடாது. பாட்டனைத் தேடுகிறவனுக்கு உதவ வேண்டும். இரண்டையும் பிரிக்கும் கோட்டைப் போட வல்லவர் தாங்களே.

இனி, கடல்கடந்தவர்களின் பிள்ளைகள். 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டின் கடைசியில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போனது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியனுக்கோ அதற்கு முன்பே, 1820களின் இறுதியிலிருந்தே ஆட்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், ரெயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை, பிரிட்டிஷ் பகுதிகளிலும் ஆள்சேர்க்க வழிவிட்டது. 1880களில் இந்தப் போக்குவரத்து நின்றது. அந்தத் தீவுகளின் ஏடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், கப்பல் பெயர், வயது, தகப்பன் பெயர் என்று எழுதினார்கள். முதலில் வந்தவரின் சொந்தப் பெயரே, அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக உறைந்துபோனது. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை போராடி வென்ற ஆன்றி சிதம்பரத்தின் பெயரைப் பாருங்கள். 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அதே தீவின் உறுப்பினராக இருந்த எர்னஸ்ட் முத்துசாமியின் பெயரைப் பாருங்கள். முன்னால் பிரெஞ்சுப் பெயர், பின்னால் எங்கோ ஒரு சோழநாட்டு ஊரிலோ தென்னார்க்காட்டிலோ தாய் வாயால் அழைக்கப்பட்ட பெயர்.

ஆக, ஒரு பக்கம் ஊரிலேயே இருந்தவர்கள் பிரெஞ்சுப் பெயரை ஏற்றார்கள். மறு பக்கம், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் போனவர்கள் தமிழ்ப் பெயரைக் குடும்பப் பெயராகக் காத்துவருகிறார்கள். இந்த வரலாற்றின் ஒரு பகுதி தங்கள் அலமாரிகளில் இருக்கிறது.

அந்தத் தீவுகளிலிருந்து வருபவர்கள் ஒரு காகிதத்தில் ‘புதுச்சேரி’ அல்லது ‘காரைக்கால்’ என்று இருப்பதைக் காட்டித் தங்கள் வாசலில் நிற்பார்கள். பல நேரங்களில் அது பிறந்த ஊர் அல்ல, கப்பலேறிய துறைமுகம். தஞ்சாவூர், தென்னார்க்காடு, சேலம் என்று பிரிட்டிஷ் மாவட்டங்களிலிருந்து நடந்து வந்தவர்களே மிகுதி. அவர்களின் பிறப்பு எந்தப் பிரெஞ்சு ஏட்டிலும் இருக்க வாய்ப்பில்லை. இதை முதல் நாளே, கனிவோடு, தெளிவாகச் சொல்லிவிட்டால் அவர்களின் பயணமும் பணமும் வீணாகாது. எந்தத் தாலுக்காவைத் தேடலாம், கூலிப் பதிவேடு ரெயூனியனின் சேன்-தெனி நகரக் காப்பகத்தில் என்ன தரும், குவாதலூப்பில் எங்கே கேட்கலாம் என்று இரண்டு பக்கத்தில் ஒரு வழிகாட்டிக் குறிப்பு, தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், தங்கள் வரவேற்பறையில் இருக்கட்டும். மொரீசியசில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம், பிரிட்டிஷ் காலக் குடியேற்ற ஏடுகளையும் கூலியாட்களின் புகைப்படங்களையும் காத்துவைத்து, தேடி வரும் சந்ததிகளுக்குத் தேடித் தருகிறது. அந்தச் சிறிய தீவு செய்வதை நாமும் செய்யலாம்.

ஏடுகளைத் திறப்பதில் அலுவலகத்துக்கு உள்ள அச்சத்தை நாங்கள் அறியாமல் இல்லை. 1962 ஆகஸ்ட் 16இல், பிரெஞ்சு ஊர்களை இந்தியாவிடம் தரும் ஒப்படைப்பு ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள வாய்ப்புத் தரப்பட்டது. ஒரு தாளில் இட்ட கையெழுத்து, பின்னால் வந்த தலைமுறைகளின் நாட்டையே தீர்மானித்தது. ஓய்வூதியமும் பாரிசுப் பயணமும் ஒரு பிறப்புச் சான்றில் தொங்கும்போது, ஏட்டைத் திருத்தப் பார்ப்பவர்களும், பொய்ச் சான்று கேட்பவர்களும் வரத்தான் செய்வார்கள். அதனால் ‘யாருக்கும் காட்டாதே’ என்பதே பாதுகாப்பு என்று ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது.

எங்கள் எண்ணம் வேறு. மறைவில் உள்ள ஏட்டில்தான் கைவைக்க முடியும். பக்கத்துக்குப் பக்கம் ஒளிநகல் எடுத்து, நாளிட்டு, மூன்று இடத்தில் வைத்துவிட்டால் எவராலும் ஒரு வரியைச் சேர்க்கவோ அழிக்கவோ முடியாது. தரகரின் பிழைப்பும் அன்றோடு முடியும். சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 8(3)ஆம் பிரிவு, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகளைப் பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, கொடுக்கவேண்டும் என்கிறது. பிரான்சிலோ 2008க்குப் பின் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் 75 ஆண்டில் பொதுப் பார்வைக்கு வருகின்றன. இறப்புப் பதிவுகளுக்குக் காத்திருப்பே இல்லை. இந்த ஏடுகளை எழுதிய நாடே அவற்றைத் திறந்துவைத்திருக்கும்போது, நாம் 1885ஆம் ஆண்டின் ஒரு பிறப்பைப் பூட்டிவைப்பதற்கு என்ன காரணம் சொல்வது? நூறாண்டு கடந்தவற்றையாவது எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்பது எங்கள் மூன்றாவது வேண்டுகோள்.

ஒளிநகல் எடுக்கும்போது பக்கத்தின் ஓரத்தை வெட்டிவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவின் ஓரக்குறிப்பில்தான் பின்னாளில் நடந்தவை எழுதப்பட்டிருக்கும். திருமணத்தைப் பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று 1897இல் பிரான்சில் சட்டமே வந்தது. பக்கத்தின் நடு ஒருவரின் தொடக்கத்தைச் சொல்லும்; மிச்ச வாழ்க்கையை ஓரம் சொல்லும்.

காலம் நமக்குச் சாதகமாக இல்லை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் இரும்பு மையைத் தின்கின்றன. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி நகரமே வெள்ளத்தில் நின்றது. 2014 நவம்பரில், மழை நாளில், நூற்றாண்டைக் கடந்த ‘மேரி’ என்னும் நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. கட்டடத்தைப் பழைய படத்தை வைத்துத் திரும்பக் கட்டிவிட்டோம். நனைந்து கூழான பதிவேட்டை எதை வைத்துக் கட்டுவோம்?

அதற்கும் ஒரு வழி உண்டு, அதுவும் தங்கள் கையில் இருக்கிறது. குடியேற்ற நாடுகளின் பதிவுகளில் ஒரு கூடுதல் படியைப் பிரான்சுக்கு அனுப்பவேண்டும் என்று 1776ஆம் ஆண்டிலேயே அரச கட்டளை பிறந்தது. அந்தப் படிகள் இன்று எக்சு-ஆன்-புரோவான்சு நகரத்தின் கடல்கடந்த நாடுகளுக்கான காப்பகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு இந்தியாவின் ஏடுகள் பலவற்றை அவர்கள் இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். பிற்காலத்தவை நாந்து நகரத்தின் மத்தியக் குடிமைப் பதிவகத்துக்கு உரியவை. இங்கே சிதைந்த பக்கம் அங்கே முழுதாக இருக்கலாம். அங்கே இல்லாதது இங்கே இருக்கலாம். தனியொரு குடிமகன் எழுதினால் பதிலுக்கு மாதங்கள் ஆகும். தங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் போனால் அது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான பேச்சு. இரு பக்கத்து ஏடுகளையும் ஒப்பிட்டு, எங்கெங்கே விடுபட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரிக்கச் சொல்லி அந்தக் கடிதத்தைத் தாங்கள் எழுத வேண்டும்.

இன்னொரு செய்தியும் நெஞ்சில் உறுத்துகிறது. பிரெஞ்சுக்காரர்களின் குடும்பங்களுக்கு இந்த வேலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. 1910களில் ஆளுநராக இருந்த அல்ஃப்ரெட் மார்த்தினோ, புதுச்சேரியின் 1676 முதலான பதிவுகளைச் சுருக்கி நூலாக அச்சிடத் தொடங்கினார். தேவாலய ஞானஸ்நானப் பதிவுகளில் உள்ள ஐரோப்பியரும் கலப்பினத்தவரும் அதில் பெயர்வாரியாக வந்துவிட்டார்கள். பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேக்சின் மனைவி ழான் 1706இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர்; அவருடைய தாய்வழியில் இந்திய இரத்தம் உண்டு என்பதெல்லாம் இன்று பள்ளி மாணவனுக்கும் எட்டும் செய்தி. அதே ஊரில் அவர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த குடும்பத்தின் வம்சம் எட்டாத செய்தி. முந்நூறு ஆண்டுப் பழையவர்களைக் கேட்கவில்லை; 1880க்குப் பிறகு முறையாகப் பதியப்பட்ட எங்கள் பாட்டன் பாட்டிகளுக்கு ஒரு பட்டியல் கேட்கிறோம். ஆளுநர் ஒருவர் தம் இனத்தாருக்குச் செய்ததை, மக்களின் பதிவாளர் மக்களுக்குச் செய்யவேண்டும்.

செய்ய ஆள் எங்கே என்று தாங்கள் கேட்கலாம். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பத்திரம் எழுதும் நொத்தேர் அலுவலகங்களில் எழுத்தராக இருந்தவர்கள் இந்த ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறை இருக்கிறது. பெரியவர் ஒருவரும் மாணவர் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், எழுத்தும் பெயரும் ஊர்வழக்கும் ஒரே நேரத்தில் கைமாறும். மதிப்பூதியம் தர நிதி ஒதுக்கவும், அலுவலகத்துக்குள்ளேயே தங்கள் ஊழியர் கண்பார்வையில் அவர்களை வேலைசெய்ய அனுமதிக்கவும் தங்களால் முடியும். ஐந்து ஆண்டு தள்ளிப்போட்டால் மாணவர்கள் இருப்பார்கள், கற்றுக்கொடுக்கப் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கும்படி கேட்கவில்லை. ஒரு கொம்யூனை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியனூரோ பாகூரோ திருநள்ளாறோ, தங்களுக்கு எளிதானது எதுவோ அது. 1880க்கும் 1900க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டு ஏடுகளை மட்டும் ஓரத்தோடு ஒளிநகல் எடுத்து, தாய் பெயரும் சாட்சி பெயரும் சேர்த்து அட்டவணையிட்டுப் பாருங்கள். அந்த ஊரின் துறப்புப் பத்திரங்களையும் அதனுடன் இணையுங்கள். எவ்வளவு செலவாயிற்று, எத்தனை பேர் வந்து பயன்பெற்றார்கள் என்று அறிக்கை வெளியிடுங்கள். மற்ற ஊர்களுக்கு நிதி கேட்க அந்த அறிக்கையே தங்களுக்குத் துணையாகும். நாங்களும் தங்களோடு சேர்ந்து கேட்போம்.

அதுவரை, விண்ணப்பப் படிவத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் உடனே செய்ய வேண்டுகிறோம். ‘குடும்பப் பெயர்’ கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு, ‘தந்தை பெயர்’, ‘தாய் பெயர்’, ‘ஊர்’, ‘தோராயமான ஆண்டு’ என்று கேளுங்கள். கட்டணத்தையும் பதில் தரும் கெடுவையும் வாசலில் எழுதி ஒட்டுங்கள். பதிவு கிடைக்கவில்லை என்றால், எந்தெந்த ஆண்டுகளின் எந்த ஏடுகளில் தேடினோம் என்று பதிலில் எழுதித் தாருங்கள். இதற்கு நிதியும் வேண்டாம், மேலிடத்து அனுமதியும் வேண்டாம். இந்த மாதமே அந்த ஆணையில் தாங்கள் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர்